கடைசிப் பெட்டி கடந்துவிட்டதா?

(போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்காக வாசகர் வட்டம் ஒன்று நூலகத்தில் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணக்கிலேயே தொடங்கிவிடுகிறேன். 150 மீட்டர் நீளமுள்ள ஒரு ரயில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 300 மீட்டர் நீளமுள்ள நடைமேடையைக் கடக்க அதற்கு எத்தனை விநாடி ஆகும்?

மணிக்கு 54 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 15 மீட்டர். நடைமேடை 300 மீட்டர். 300-ஐ 15-ஆல் வகுத்தால் 20. கீழே கொடுத்திருக்கும் விடைகளிலும் 20 இருக்கும். கேள்வி எடுத்தவர் அதைத் தெரிந்தேதான் வைத்திருப்பார். சரியான விடை 30. ரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கம்பமா, மரமா, நிற்கிற ஆளா? ரயிலின் நீளம் மட்டும் போதும். பாலமா, நடைமேடையா, குகையா? இரண்டு நீளத்தையும் கூட்டு. இன்னொரு ரயிலா? அப்போதும் இரண்டையும் கூட்டு. இப்படி ஒரு பட்டியல் உங்கள் நோட்டில் இருக்கும். பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் தேர்வு அறையில் தவறு செய்வதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். எதற்காகக் கூட்டுகிறோம் என்பது மனத்தில் படமாக நிற்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

அந்தப் படம் எங்கே கிடைக்கும்? எந்தக் கிராமத்து ஸ்டேஷனிலும் கிடைக்கும். நிற்காமல் போகிற ஒரு வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது, பச்சைக் கொடியோடு நிற்கிற ஊழியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எஞ்சின் போன பிறகும் அவர் நகரமாட்டார். பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நிற்பார். கடைசிப் பெட்டியின் பின்பக்கம் பெரிதாக ஒரு எக்ஸ் குறி போட்டிருக்கும், ‘எல்.வி.’ என்று எழுதிய சிறிய பலகை தொங்கும், இரவானால் சிவப்பு விளக்கு எரியும். கடைசி வண்டி இதுதான் என்பதற்கு அடையாளம் அது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக்கொள்வார். நடுவில் இணைப்பு அறுந்து நான்கு பெட்டி பின்னால் நின்றுவிட்டிருந்தால்? அந்தத் தண்டவாளத்தில் அடுத்த வண்டியை விட முடியுமா? எஞ்சின் போய்விட்டது என்பது அவருக்குப் போதாது. கடைசிப் பெட்டி கடந்துவிட்டதா என்பதுதான் அவருடைய கேள்வி.

கணக்கிலும் கேள்வி அதுதான். எஞ்சினின் மூக்கு நடைமேடையைத் தொடும் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்குகிறோம். எக்ஸ் குறி நடைமேடையின் மறுமுனையைத் தாண்டும் கணத்தில் நிறுத்துகிறோம். தொடக்கத்தில் அந்த எக்ஸ் குறி எங்கே இருந்தது? நடைமேடைக்கு 150 மீட்டர் பின்னால். அது கடந்த தூரம் 150-உம் 300-உம் சேர்ந்து 450 மீட்டர். 30 விநாடி. ரயில் முழுவதையும் நினைத்துக் குழம்பாமல் ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். கம்பம், பாலம், குகை என்ற பட்டியலே தேவைப்படாது.

தண்டவாளத்தின் ஓரத்தில் இந்தக் கணக்கைப் பலகையாகவே நட்டு வைத்திருக்கிறார்கள். பாதையில் வேலை நடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்துப் போகச் சொல்வார்கள். அந்தப் பகுதி முடிந்ததும் லோகோ பைலட் உடனே வேகம் எடுக்கலாமா? கூடாது. எஞ்சின் வெளியே வந்திருக்கும், பின்னால் இருபது பெட்டி இன்னும் பலவீனமான பாதையின் மேல் இருக்கும். அதனால், பகுதி முடிந்து ஒரு வண்டி நீளம் தள்ளி மஞ்சள் வட்டப் பலகை ஒன்று நிற்கும். பயணிகள் வண்டிக்கு ‘டி/பி’, சரக்கு வண்டிக்கு ‘டி/ஜி’ என்று அதில் எழுதியிருக்கும். சரக்கு வண்டி நீளமானது, ஆகவே அதற்கான பலகை இன்னும் தள்ளி இருக்கும். எஞ்சின் அந்தப் பலகைக்கு வரும்போது கடைசிப் பெட்டி ஆபத்தான இடத்தைத் தாண்டியிருக்கும். ‘ரயிலின் நீளத்தைக் கூட்டு’ என்ற உங்கள் சூத்திரம்தான் அங்கே மஞ்சள் வட்டமாக நிற்கிறது. அதைத் தவறவிட்டால் அங்கே போவது வெறும் மதிப்பெண் அல்ல.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2,060 மீட்டர். அதன் கடைசிக் காலத்தில் வண்டிகள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் போயின. 440 மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,500 மீட்டர், அதாவது இரண்டரைக் கிலோமீட்டர். கால் மணி நேரம். ஆனால் அந்த வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த பயணிக்கு, தான் பாலத்தின் மேல் இருந்த நேரம் கால் மணி இல்லை. அவர் ஒரு புள்ளி. 2,060 மீட்டரைத்தான் அவர் கடந்தார். பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். வண்டிக்கு ஒரு விடை, பயணிக்கு ஒரு விடை. இரண்டும் சரி. கேள்வி யாரைப் பற்றியது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிருந்துதான் சார்பு வேகத்துக்குப் போக வேண்டும். மாணவர்கள் அதிகமாகப் பயப்படுவது இந்த இடத்தில்தான். எதிரெதிரே வந்தால் கூட்டு, ஒரே திசையில் போனால் கழி. இதை எழுதிவைத்துக்கொண்டு, பரபரப்பில் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பக்கத்துத் தண்டவாளத்தில் எழும்பூரிலிருந்து புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஒன்று நம்மோடு சேர்ந்து வரும். கொஞ்ச நேரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். அந்த வண்டியின் சன்னலில் ஒரு குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்மையே பார்க்கும், அதன் முகத்தை நிதானமாகப் பார்க்கலாம், அதன் அம்மா பொட்டலம் பிரிப்பதைப் பார்க்கலாம். இரண்டு வண்டியும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குழந்தை நமக்கு நகராமல் இருக்கிறது. அடுத்த நிமிடம் எதிர்த்திசையில் ஒரு வண்டி வரும். ‘தடதட’ என்று ஒரு காற்று அடிக்கும், ஒரு முகமும் தெரியாது. கூட்டலும் கழித்தலும் இவ்வளவுதான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வண்டி உங்களுக்கு எவ்வளவு வேகமாகத் தெரிகிறதோ அதுதான் சார்பு வேகம்.

எண்களோடு பார்ப்போம். இப்போது வருகிற எல்.எச்.பி. பெட்டி ஒன்று, இணைப்பையும் சேர்த்து ஏறத்தாழ 24 மீட்டர். 22 பெட்டி, முன்னால் ஒரு எஞ்சின். மொத்தம் கிட்டத்தட்ட 550 மீட்டர் வரும். உங்கள் வண்டியும் பக்கத்து வண்டியும் அதே நீளம். உங்கள் வண்டி மணிக்கு 88 கிலோமீட்டர், மற்றது 110.

எதிரே வந்தால், உங்கள் சன்னலிலிருந்து பார்க்கும்போது அதன் வேகம் 198 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 55 மீட்டர். அதன் 550 மீட்டர் நீளமும் 10 விநாடியில் உங்களைத் தாண்டிவிடும். அதே வண்டி பின்னாலிருந்து வந்து உங்களை முந்தினால்? வேக வித்தியாசம் 22 கிலோமீட்டர்தான். முழு வண்டியும் உங்கள் சன்னலைத் தாண்ட 90 விநாடி. பத்து விநாடிக்கும் தொண்ணூறு விநாடிக்கும் இருக்கிற தூரத்தை உடம்பால் உணர்ந்தவர்கள் கூட்டலையும் கழித்தலையும் ஒருநாளும் மாற்றிப் போடமாட்டார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘சன்னலில் இருக்கும் பயணியை எதிர் வண்டி எத்தனை விநாடியில் கடக்கும்’ என்று கேட்டால் எதிர் வண்டியின் நீளம் மட்டும்தான் கணக்கு. உங்கள் வண்டியின் நீளத்துக்கு அங்கே வேலை இல்லை. ‘இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று முழுவதுமாகக் கடக்க’ என்று கேட்டால் 1,100 மீட்டர். எதிரெதிரே 20 விநாடி, முந்தும்போது 3 நிமிடம். அந்த 3 நிமிடத்தில் வேகமான வண்டி ஐந்தரைக் கிலோமீட்டர் ஓடியிருக்கும். அவ்வளவு நீளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை காலியாக இருந்தால்தான் ஓடிக்கொண்டே முந்த முடியும். அதனால்தான் பெரும்பாலான இடங்களில் மெதுவான வண்டியை ஸ்டேஷனில் ஓரங்கட்டி நிறுத்திவைத்து, வேகமான வண்டியை விடுகிறார்கள்.

இந்தக் கூட்டல் கழித்தல் விதி ரயில் வந்த பிறகு பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆரியபடர் 499-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் இந்த விதி இருக்கிறது. எதிரெதிராக நகரும் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவற்றின் வேகங்களின் கூட்டுத்தொகையாலும், ஒரே திசையில் நகர்பவற்றின் தூரத்தை வேக வித்தியாசத்தாலும் வகுத்தால் சந்திக்கும் நேரம் கிடைக்கும் என்கிறார். அவர் மனத்தில் இருந்தவை கோள்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது 1856-இல். இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். வானத்தில் சந்திரன் ஒரு கோளை எட்டிப் பிடிப்பதற்குப் போட்ட கணக்கை, ரயில்வே தேர்வில் நீங்கள் மறுபடியும் போடுகிறீர்கள். கடிகாரத்தில் நிமிட முள் மணி முள்ளை எட்டிப் பிடிக்கும் கணக்கும் இதேதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

குறுக்குவழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில்வேயின் என்.டி.பி.சி. முதல்நிலைத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். இந்த நெருக்கடியில் இருப்பவர்களிடம் குறுக்குவழி வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? 5-ஐயும் 18-ஐயும் உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 5 மீட்டர். 36 என்றால் 10, 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25, 108 என்றால் 30. தேர்வில் வரும் வேகங்களில் பெரும்பாலானவை இந்தப் படிக்கட்டிலேயே இருக்கும். ஆனால் எந்தக் குறுக்குவழியையும் ஒரு முறையாவது பிரித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஒன்றைப் பிரித்தே காட்டுகிறேன். இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் புறப்படுகின்றன. சந்தித்த பிறகு, முதல் வண்டி தான் போய்ச் சேர வேண்டிய ஊரை அடைய 4 மணி நேரமும் இரண்டாவது வண்டி 9 மணி நேரமும் எடுத்துக்கொள்கின்றன. வேகங்களின் விகிதம் என்ன? ‘9-க்கும் 4-க்கும் வர்க்கமூலம் எடு, 3-க்கு 2’ என்று நோட்டில் இருக்கும். தூரம் தெரியாது, வேகம் தெரியாது, வர்க்கமூலம் எங்கிருந்து வந்து குதித்தது?

சந்திக்கும் வரை ஆன நேரத்தை ‘ந’ என்று வையுங்கள். சந்தித்த இடத்தில் இரண்டு வண்டிகளும் பாதையை மாற்றிக்கொள்கின்றன. முதல் வண்டி இனிமேல் போகப்போவது இரண்டாவது வண்டி வந்த அதே பாதை. இரண்டாவது அதை ‘ந’ மணியில் கடந்தது, முதல் வண்டி 4 மணியில் கடக்கிறது. அப்படியானால் வேக விகிதம் ந-வுக்கு 4. அதேபோல் இரண்டாவது வண்டி போகப்போவது முதல் வண்டி ‘ந’ மணியில் வந்த பாதை. அதற்கு 9 மணி ஆகிறது. வேக விகிதம் 9-க்கு ந. இரண்டும் ஒரே விகிதம்தானே? ஆகவே ந-வை ந-ஆல் பெருக்கினால் 36. ந என்பது 6. விகிதம் 6-க்கு 4, அதாவது 3-க்கு 2. வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. கூடவே, புறப்பட்ட 6 மணி நேரத்தில் சந்தித்தன என்ற, கேட்காத விடையும் கைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு கேள்வியைத் திருப்பிப் போட்டு ‘எப்போது சந்தித்தன’ என்று கேட்டால், பிரித்துப் பார்த்தவருக்கு விடை வரும். வர்க்கமூலத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் கையைப் பிசைவார்.

சராசரி வேகத்திலும் இதே கதைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர். காலை 7.10-க்குப் புறப்பட்டு நண்பகல் 12 மணிக்குப் போய்ச் சேரும் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் அட்டவணை. பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியில் எடுத்தால் 5.35-க்குக் கீழே வந்துவிடும். ஏறும்போது சராசரி மணிக்கு 9.5 கிலோமீட்டர், இறங்கும்போது 12.8. போய்வர மொத்தச் சராசரி? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 11.2 வரும். உண்மையில் 92 கிலோமீட்டருக்கு 8 மணி 25 நிமிடம் ஆகிறது. சராசரி 10.9 தான். மெதுவான பயணத்தில் நாம் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் மெதுவான வேகம் சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. 40-இல் போய் 60-இல் திரும்பினால் சராசரி 48, ஐம்பது அல்ல. 30-இல் போய்விட்டு, மொத்தச் சராசரி 60 வர வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? எந்த வேகமும் போதாது. இருந்த நேரம் முழுவதும் போகும்போதே தீர்ந்துவிட்டது.

ரயிலில் ஏறினால் நீங்களே வேகத்தை அளந்து பாருங்கள். மின்கம்பங்களில் எண் எழுதியிருக்கும். மேலே இருப்பது கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது கம்பம் என்பது. மேல் எண் ஒரு முறை மாறியதிலிருந்து அடுத்த முறை மாறும் வரை விநாடிகளை எண்ணுங்கள். 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வேகம். 45 விநாடி என்றால் 80, 36 விநாடி என்றால் 100. முன்பு இதற்குக் கண்கூடத் தேவைப்பட்டதில்லை. அகலப் பாதையில் ஒரு தண்டவாளத் துண்டு 13 மீட்டர். ஒவ்வொரு இணைப்பிலும் ‘கடக் கடக்’ என்று சக்கரம் தட்டும். 46.8 விநாடியில் எத்தனை முறை தட்டுகிறதோ, அதுவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஆகிவிடும். 13-ஐ 3.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், புரியும். மீட்டர் பாதையில் துண்டு 12 மீட்டர், அங்கே 43.2 விநாடி. இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் அந்தத் தாளம் பெரும்பாலான பாதைகளில் கேட்பதில்லை.

கடைசியாக, ரயில்வே தானே இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று சொல்ல வேண்டும். கன்ட்ரோல் அலுவலகத்தில் செக்‌ஷன் கன்ட்ரோலர் முன்னால் ஒரு வரைபடம் இருக்கும். முன்பு தாளும் பென்சிலும், இப்போது கணினித் திரை. குறுக்கே நேரம், மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. வேகமான வண்டியின் கோடு செங்குத்தாக இருக்கும், மெதுவான வண்டி சாய்ந்து படுக்கும், நிற்கும் வண்டியின் கோடு படுகிடையாக ஓடும். இரண்டு கோடுகள் வெட்டும் இடம்தான் இரண்டு வண்டிகளும் சந்திக்கும் இடமும் நேரமும். பிரான்சில் மாரே என்ற அறிஞர் 1885-இல் வெளியிட்ட நூலில் பாரிஸ் – லியோன் பாதையின் வண்டிகளுக்கு இப்படி ஒரு படம் இருக்கிறது. ‘அது எத்தனை மணிக்குப் புறப்பட்டது, இது எவ்வளவு தூரம் வந்தது’ என்று நாம் தடுமாறும் கணக்கை அந்தப் படத்தில் ஒரு குழந்தையும் விரல் வைத்துக் காட்டும்.

ஆனால் ஒற்றைப் பாதையில், நம் கணக்குப் புத்தகம் கேட்காத ஒரு கேள்வி வருகிறது. இரண்டு வண்டிகளும் நினைத்த இடத்தில் சந்தித்துவிட முடியாது. ஒரு வண்டி ஒதுங்கி நிற்க லூப் லைன் உள்ள ஸ்டேஷனில்தான் சந்திக்க முடியும். ‘கிராசிங்குக்காக நிற்கிறது’ என்று வண்டியில் பேசிக்கொள்வோமே, அதுதான்.

கரும்பலகையில் போடுகிறேன். 12 கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன்: அ, ஆ, இ, ஈ, உ, ஊ. மொத்தம் 60 கிலோமீட்டர். அ-விலிருந்து 8 மணிக்கு எக்ஸ்பிரஸ், வேகம் 72. ஊ-விலிருந்து 8.05-க்கு பாசஞ்சர், வேகம் 48. நடுவில் நிற்பதையெல்லாம் விட்டுவிடுவோம். 8.05-க்குள் எக்ஸ்பிரஸ் 6 கிலோமீட்டர் வந்துவிட்டது, மீதி 54. இரண்டும் நெருங்கும் வேகம் 120. 27 நிமிடம். 8.32-க்கு, அ-விலிருந்து 38.4-ஆவது கிலோமீட்டரில் சந்திப்பு. தேர்வில் இதற்கு முழு மதிப்பெண்.

கன்ட்ரோலருக்கு இது விடையே இல்லை. ஈ-க்கும் உ-வுக்கும் நடுவே, வயல்வெளியில், ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் அவை. அவர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. எக்ஸ்பிரஸ் 8.30-க்கு ஈ வந்துவிடும். பாசஞ்சர் 8.35-க்குத்தான் அங்கே வரும். எக்ஸ்பிரஸை 5 நிமிடம் நிறுத்தலாம். இல்லையென்றால் 8.20-க்கு உ வந்து சேரும் பாசஞ்சரை அங்கேயே நிறுத்தி, 8.40-க்கு எக்ஸ்பிரஸ் வரும் வரை 20 நிமிடம் காக்கவைக்கலாம். நம் ஊர்களில் பெரும்பாலும் எது நடக்கும் என்று பாசஞ்சரில் போகிறவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும், கூடையோடு சந்தைக்குப் போகிற அம்மாக்களும் இருக்கிற அந்த வண்டியின் 20 நிமிடத்துக்கு என்ன மதிப்பு, எக்ஸ்பிரஸின் 5 நிமிடத்துக்கு என்ன மதிப்பு? ரயில்வேயில் சேரப்போகிறவர்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எக்ஸ்பிரஸ் அதே நாள் 8 மணிக்குப் பதிலாக 8.10-க்குக் கிளம்பினால் எந்த ஸ்டேஷனில், எந்த வண்டி, எத்தனை நிமிடம் நிற்க வேண்டும்? சூத்திரம் வேண்டாம். கட்டம் போட்ட தாளில் இரண்டு கோடு வரைந்து, அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டுங்கள்.